நாற்பத்தேழும் அத்தானின் பங்கும்

மண் கழுவிய அன்று குழியடியில் நின்றவர்கள்: வயல்காணியின் சொந்தக்காரர், அவருடைய மகன், செலவுக்குப் பணம் போட்ட பெல்மதுளை முதலாளி, தண்ணீர் இறைக்கும் மோட்டாரைக் கொடுத்தவர், குழிக்குள் இறங்கி வேலை செய்த ஆறு பேரில் ஐந்து பேர், பிறகு நான். அங்கே இல்லாதவர் அந்த ஆறாவது ஆள், என் அக்காவின் கணவர்.

மாணிக்கக் குழிக்காரர்களிடம் ஒரு முறை இருக்கிறது. தோண்டி எடுத்த கல்மண்ணைக் கழுவும் நாளில் பங்குள்ள ஒவ்வொருவரும் வந்து நிற்க வேண்டும். வர முடியாதவர் தன் ஆளை நிறுத்த வேண்டும். முதல் கூடை தண்ணீரில் இறங்கியதிலிருந்து கடைசிக் கூடையைப் பார்த்து முடிக்கும்வரை யாரும் இடத்தைவிட்டு நகர்வதில்லை. கல் சிறியது, உள்ளங்கைக்குள்ளும் மறையும், நாக்குக்கு அடியிலும் மறையும். அதனால் வந்த வழக்கம்.

அத்தான் அதற்கு முதல் நாள் காலையில் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை. போன் மணி அடித்தது, எடுக்கவில்லை. விடிந்ததும் அக்கா என்னை எழுப்பினாள்.

“குழியடியிலேயே படுத்திருப்பாரு. நீ போய் நில்லுடா தம்பி. அவரு இருந்தா நல்லது, இல்லாட்டி நீ நம்ம ஆளு. கண்ண அங்க இங்க விடாத. அந்தப் போனத் தடவிக்கிட்டும் நிக்காத.”

“அவரு அங்க இருப்பாருக்கா.”

“இருந்தா எனக்கொரு கோல் எடுக்கச் சொல்லு. உசுரோட இருக்காருன்னு தெரிஞ்சா போதும், மிச்சத்த நான் வீட்டுல வச்சிக் கேட்டுக்கிறேன்.”

சிரிக்கத்தான் சொன்னாள். இரண்டு பேருமே சிரிக்கவில்லை. அந்தக் கழுவலில்தான் அவள் வெளிநாடு போவதா இருப்பதா என்பது இருந்தது.

எங்கள் தோட்டம் றக்வானைக்கு மேலே இருக்கிறது. சென்ற மழையில் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு நீளமாக வெடித்தது. அதிகாரிகள் வந்து கயிறு பிடித்து அளந்துவிட்டு, இனி இங்கே குடியிருக்கக் கூடாது என்றார்கள். கீழே ஆளுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி கிடைத்தது. அக்காவும் அத்தானும் அதில் வீடு கட்டத் தொடங்கினார்கள். சுவர் எழும்பியது. ஜன்னலுக்கு மேல் கொங்கிரீட்டும் போட்டாயிற்று. கூரைக்குக் காசில்லை. மரம், தகரம், வேலையாட்களின் பாஸ்கூலி எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் என்றார் மேசன். கூரை இல்லாததால் வெடித்த மேட்டின் கீழேயே இருந்தோம். கொஞ்சம் பலமாக மழை பெய்தால் அக்கா மகளைத் துணியால் சுற்றித் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவுக்கு ஓடுவாள். ஐந்து வயதுப் பிள்ளை, தகரத்தில் மழைச் சத்தம் கேட்டாலே தானாகச் செருப்பைத் தேடப் பழகிவிட்டது.

அக்கா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போக எழுதிக் கொடுத்திருந்தாள். மெடிக்கல் முடிந்துவிட்டது. புருஷனின் சம்மதக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஏஜன்சிக்காரர் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அத்தான் கையெழுத்து வைக்க மறுத்து, மண் கழுவும்வரை பொறுக்கச் சொன்னார். அக்கா ஒத்துக்கொண்டாள்.

“பாதிக் கூரைக்கு வந்தா போதும், நான் போகல. ஒரு பக்கத்த மேஞ்சிட்டு அதுக்குள்ள இருந்துக்குவோம். அதுவும் வராட்டி நீங்க வாயே தொறக்கக்கூடாது, கையெழுத்த வைக்கணும்.”

“சரி.”

“புள்ளைத் தலைல அடிச்சி சொல்லுங்க.”

“அவ தலைல ஏன்டி அடிக்கிற, என் தலை இங்கதான இருக்கு.”

இனி என் பொழுதுபோக்கைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் உயர்தரம்வரை படித்த முதல் ஆள் நான். வணிகப் பிரிவு. நியமனம் எதுவும் கிடைக்காததால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூசன் கொடுக்கிறேன். சராசரி, இடையம் என்று சொல்லிக் கொடுக்கப் புத்தகத்தில் இருக்கும் உதாரணங்கள் பிள்ளைகளுக்குச் சலித்துப்போயின. றக்வானை பஸ் தரிப்பிடத்தில் லொத்தர்ச் சீட்டு விற்பவர் பழைய பெறுபேற்றுத் தாள்களை வெற்றிலை மடிக்க வைத்திருந்தார். அவற்றைக் கேட்டு வாங்கினேன். பாடத்துக்காகத் தொடங்கியது பாடத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொரு நாள் சீட்டிழுப்பையும் போனில் கட்டம் கட்டமாகப் பதிந்தேன். எந்த இலக்கம் எத்தனை தடவை வந்தது, எது எதோடு சேர்ந்து வந்தது, எது எவ்வளவு காலமாக வரவில்லை. நிரல்கள் நிரம்புவதைப் பார்ப்பதே ஒரு சுகம். வாரத்தில் ஒரு சீட்டு எடுப்பேன், அதற்குமேல் இல்லை.

ஒன்றை இங்கே விளக்க வேண்டும். நமது சீட்டுகளில் இலக்கங்களை நாம் எழுதுவதில்லை. அச்சடித்தே வருகின்றன. ஆகவே ஓர் இலக்கத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால், அது இருக்கும் சீட்டைக் கடை கடையாகத் தேடிப்போவது. அந்தத் தேடல் எனக்குப் பிடித்திருந்தது. விற்பவர் கட்டைத் தூக்கித் தருவார், நான் சீட்டுச் சீட்டாகப் புரட்டுவேன். “மல்லி, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரிப் படிக்கிறியே” என்று கேலி செய்வார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

நான் என்ன படித்தேன் என்று லயத்தில் யாருக்கும் சரியாக விளங்கியதில்லை. இந்த இலக்கக் கணக்கு மட்டும் விளங்கியது. அத்தானுக்கு எல்லோரையும்விட அதிகமாக. கழுவலுக்கு ஒரு வாரம் முன்னால், கூரையில்லாத வீட்டுக்குள் நாங்கள் இருவரும் சாமான் எடுக்கப் போனபோது, சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

“மாப்புள, ரொம்ப நாளா வராத நம்பர் எது?”

“நாப்பத்தேழுங்க அத்தான். சித்திரை வருசத்துக்கப்புறம் காணோம்.”

“அப்ப வரப்போகுது.”

“அப்படி இல்லீங்க. நேத்து வராததுக்கும் இன்னிக்கி வர்றதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் ஆரம்பிக்கிது.”

“நீ குழிக்குள்ள எறங்கினதில்ல. பத்தடி தோண்டுவோம், வெறும் களி. இருவதடி, அதே களி. அதுக்காக ஏறி வந்துருவமா? ஒவ்வொரு அடியும் வெறுமனே போகப் போக, கல்லுமண்ணு காலடிக்குக் கிட்ட வந்துருச்சின்னு அர்த்தம்.”

குழியைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரிதான். களிமண்ணுக்குக் கீழே எங்கோ கல்மண் படிந்து கிடக்கிறது. தோண்டத் தோண்டத் தூரம் குறையும். அந்தக் கணக்கை அவர் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இலக்கத்தின் மேல் வைத்தார்.

“மண்ணுக்கு அடி இருக்குங்க அத்தான். நம்பருக்கு அடி இல்லீங்க.”

“அடியில்லாத குழி எங்கடா இருக்கு?” என்று சிரித்தார். “ஒங்க டீச்சரு காட்டினாரா?”

நான் திரும்பவும் சொன்னேன். நாணயம், பகடை என்று உதாரணமும் காட்டினேன். தலையாட்டிக் கேட்டார். அவ்வளவில் முடிந்தது என்று நினைத்தேன்.

கழுவல் அன்று குழியடியில் அவரைக் காணவில்லை. கல்மண் தென்னோலையால் மூடிக் கிடந்தது. அதிகம் இல்லை. அந்த வயலில் ஏற்கெனவே இரண்டு குழிகள் வெறுமையாகப் போயிருந்தன, இதிலும் கல்மண் மெல்லிய படையாகத்தான் கிடைத்ததாக அத்தான் சொல்லியிருந்தார். நான் வரம்பில் போய் நின்றதும் அவருடைய கூட்டாளி கிட்டே வந்தார். சிங்களவர், குழிக்குள் அத்தானோடு ஒரே பக்கம் நின்று வாளி தூக்கியவர். எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். தமிழ் நன்றாகப் பேசுவார்.

“மல்லி, நீ எதுக்கு வந்தே?”

“அத்தான் இன்னும் வரல. அவரு பங்குக்கு நான் நிக்கிறேன்.”

அவர் கீழே பார்த்தார். “ஒனக்குச் சொல்லலியா?”

“என்னாத்த?”

“பங்க எனக்குக் குடுத்திட்டாரு. முந்தாநாள்.”

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்தாரா என்று கேட்டேன். அவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.

“மகன், அந்தப் பங்கு இப்ப இவருக்குத்தான் ஈக்கு. என்ட முன்னுக்குத்தான் சல்லி மாறின. இருவதாயிரம். நான் கேட்ட, கழுவுற வரைக்கும் நிண்டா என்னா எண்டு. அவர் கேக்கல்ல. அவசரம் எண்டார்.”

“என்னா அவசரமுங்க?”

“அத நீங்க அவர்ட்டத்தான் கேக்கணும்.”

நான் வரம்பின் ஓரத்துக்குப் போய் அத்தானுக்குப் போன் எடுத்தேன். இந்தத் தடவை எடுத்தார். பின்னால் பஸ்காரர்கள் கூவும் சத்தம்.

“எங்க இருக்கீங்க?”

“இரத்தினபுரி ஸ்டாண்டுல.”

“பங்க வித்துட்டீங்களாமே?”

எல்லாவற்றையும் சொன்னார். றக்வானையிலிருந்து பெல்மதுளை, அங்கிருந்து இரத்தினபுரி, வழியில் இருந்த ஒவ்வொரு லொத்தர் கடையிலும் இறங்கி, நாற்பத்தேழு இருந்த சீட்டுகளை எல்லாம் வாங்கியிருக்கிறார். எல்லாம் முதல் நாள் சீட்டிழுப்புக்கு. அந்தப் பெறுபேற்றை நான் பஸ்ஸில் வரும்போதே போனில் பதிந்திருந்தேன். நாற்பத்தேழு வரவில்லை.

“பாத்தீங்களா?” என்றேன்.

“பாத்தேன். தாள் ஒட்டினவொடன பாத்தேன். நாலஞ்சி சீட்டுக்கு மட்டும் போட்ட காசு வந்திச்சி.” குரலைத் தாழ்த்தினார். “அக்காகிட்ட நான் வந்து சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறந்திராத.”

“இங்க கழுவப் போறாங்கங்க.”

“கழுவட்டும். அந்த மண்ணுல ஒண்ணும் இல்ல மாப்புள, நான்தான அள்ளினேன். ஒண்ணும் வராட்டி நான் கெட்டிக்காரன். வெறும் மண்ண இருவதாயிரத்துக்கு வித்தவன். வெளங்குதா? நீ அங்கயே நில்லு. ஒண்ணும் வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு நில்லு.”

நான் போயிருக்கலாம். பங்கில்லாதவனுக்கு அங்கே வேலையில்லை. முதலாளி என்னைப் போகச் சொல்லவில்லை, கூட்டாளி ஒரு வாழைப்பழம் கொடுத்தார். நின்றேன்.

காணிக்காரர் விளக்கேற்றிக் கும்பிட்டார். நாலு பேர் தண்ணீரில் இடுப்பளவு இறங்கினார்கள். கூடைகளில் மண்ணை அள்ளிப் போட, அவர்கள் அதைத் தண்ணீரில் வட்டமாக ஆட்டினார்கள். சேறு ஓடியது, பிறகு மணல் ஓடியது, கனமான கற்கள் மட்டும் அடியில் தங்கின. கூடையைக் கரைக்குத் தூக்கியதும் முதலாளி குந்தி உட்கார்ந்து, வெயிலுக்குச் சரித்து, விரலால் வரி வரியாக ஒதுக்கிப் பார்ப்பார். ஒன்றுமில்லை என்று அவர் கூடையைக் கவிழ்த்ததும் எல்லோரும் ஒன்றாக மூச்சு விடுவார்கள். நானும் விட்டேன். அவர்களுடையது ஏமாற்றம். என்னுடையது அது அல்ல.

அக்காவிடமிருந்து போன் வந்தது.

“ஆரம்பிச்சாச்சா?”

“ஆரம்பிச்சாச்சு.”

“அவரு வந்துட்டாரா?”

“போன்ல பேசினேன்க்கா. இரத்தினபுரில நிக்கிறாரு. நல்லாத்தான் இருக்காரு.”

“இன்னிக்கி அங்க என்னா வேல அவருக்கு? சரி, நீ நிக்கிறல்ல? கூடையப் பாரு.”

“நிக்கிறேன்.”

நிற்கிறேன் என்பது பொய்யில்லை. ஆனால் அவள் நினைத்தது வேறு, நான் நின்றது வேறு. அடுத்த கூடை. அதற்கடுத்தது. சின்னச் சின்னச் சிவப்புப் பொடிக்கற்கள் வந்தன, விலை போகாதவை. முதலாளி அவற்றைச் சிரட்டையில் போட்டார். குவியல் குறைந்துகொண்டே வந்தது. குவியல் குறையக் குறைய நான் எனக்குள்ளே கணக்குப் போட்டேன், மிச்சம் இவ்வளவுதான், இனி வராது. உடனே எனக்கே உறைத்தது. வராத கூடைகளை வைத்து இனி வராது என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

“மல்லியோட மொகத்தப் பாருங்க” என்றான் காணிக்காரரின் மகன், சிங்களத்தில். “இந்த மொகத்தப் பாத்தா கல்லு திரும்பி மண்ணுக்குள்ளயே போயிரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். “அப்ப அவனத் திரும்பி நிக்கச் சொல்லு” என்றார் மோட்டார்க்காரர். கூட்டாளி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கும் அந்த இருபதாயிரம் எளிதாக வந்ததில்லை. மனைவியின் காதுத்தோட்டை அடகு வைத்ததாக என்னிடம் மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்டபின் அவருக்காக வேண்டுவதா அத்தானுக்காக வேண்டுவதா என்று தெரியாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குவியலில் பாதிக்குமேல் முடிந்தபிறகு ஒரு கூடையில் முதலாளியின் விரல் நின்றது. நின்ற விரலை எடுக்காமல் மற்றக் கையால் வேட்டியின் நுனியைப் பிடித்தார். எதையோ எடுத்து எச்சில் தொட்டுத் துடைத்து, இரண்டு விரல் நடுவே வெயிலுக்குப் பிடித்தார்.

நீலம். கொண்டைக்கடலை அளவுதான். ஒரு ஓரத்தில் லேசாகப் பால் கலந்ததுபோல் வெளிறியிருந்தது. நடுவில் நல்ல நிறம்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் முதலாளி, சத்தமில்லாமல்.

தண்ணீரில் நின்றவர்கள் கத்தினார்கள். கல் கை மாறிக் கை மாறிப் போனது. கூட்டாளி ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். அத்தான் என்று நினைத்துத்தான் பிடித்திருப்பார், அவர்கள் எப்போதும் பக்கத்தில் நின்றவர்கள். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

“சமாவென்ன மல்லி,” என்றார். மன்னித்துக்கொள் என்று. மன்னிக்க அவர் செய்தது எதுவுமில்லை.

சத்தம் அடங்குவதற்குள் அக்காவின் அழைப்பு வந்தது. எடுக்காமல் விட்டேன். மீண்டும் வந்தது.

“என்னடா சத்தம் அங்க? வந்திருச்சா?”

அத்தான் வந்து சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அவர் இரத்தினபுரியிலிருந்து வரும்வரை அவள் சந்தோசமாக இருப்பாள். லயம் முழுக்கச் சொல்லிவிடுவாள். பிள்ளையிடம் சொல்லிவிடுவாள்.

“வந்திருச்சுக்கா. நல்ல கல்லு. ஆனா நம்ம பங்கு இல்ல.”

“என்னா ஒளறுற?”

“அத்தான் முந்தாநாளே வித்துட்டாரு.”

அவள் அழவில்லை, கத்தவுமில்லை. “எவ்வளவுக்கு?” என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். “அந்தக் காசு எங்க?” அதையும் சொன்னேன். போன் வைக்கப்பட்டது.

அத்தான் பொழுது சாய்வதற்கு முன் வந்து சேர்ந்தார். கல் வந்த செய்தி அவருக்கு பஸ்ஸிலேயே எட்டியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியவர் உள்ளே வராமல் அங்கேயே நின்றார். அக்கா மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்க்காமல் என்னிடம் கேட்டாள்.

“நாப்பத்தேழுன்னு நீதான சொன்ன?”

“ரொம்ப நாளா வராததுன்னு சொன்னேன். அதுக்காக வரும்னு அர்த்தமில்லன்னும் சொன்னேன்.”

“அவன் சொன்னான்,” என்றார் அத்தான் வாசலிலிருந்து. “அவன் மேல ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் கேக்கல.”

“கேக்கலியா, வெளங்கலியா?”

“ஒன்ன அனுப்பக்கூடாதுன்னு இருந்திச்சி. அது மட்டுந்தான் மண்டைல இருந்திச்சி.”

அக்கா கை கழுவ எழுந்தாள். “இப்ப நீங்களே அனுப்புறீங்க,” என்றாள். “உள்ள வாங்க. சோறு ஆறுது.”

திங்கட்கிழமை ஏஜன்சிக்காரர் வந்தார். அவர் காட்டிய இடத்தில் அத்தான் கையெழுத்து வைத்தார். பேனா ஒரு தடவை எழுதவில்லை, ஏஜன்சிக்காரர் உதறிக் கொடுத்தார், மறுபடி வைத்தார். அதற்குப் பிறகு அத்தான் குழிக்குப் போகவில்லை. தோட்டத்தில் பேர் பதிந்துகொண்டு மருந்தடிக்கப் போகிறார். பிள்ளையை எங்கள் அம்மா பார்த்துக்கொள்கிறார்.

நான் இலக்கங்களைப் பதிவதை நிறுத்திவிட்டேனா என்று இதைப் படிப்பவர்கள் கேட்கக்கூடும். நிறுத்தவில்லை. அது தப்பான வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எது வெகுகாலமாக வரவில்லை என்ற அந்த நிரலை அழித்துவிட்டேன். யாராவது கேட்டால் தெரியாது என்கிறேன்.

கல் இரத்தினபுரியில் விலைபோய், காணிக்காரர், முதலாளி, மோட்டார்க்காரர் பங்கெல்லாம் கழிந்து, தொழிலாளிகளின் பணம் ஆறாகப் பிரிந்தது. கூட்டாளி அடகு வைத்த தோட்டை மீட்டுக்கொண்டு, மறுநாள் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி பிஸ்கட்டோடு வந்தார். போகும்போது பத்தாயிரம் ரூபாயைப் பிள்ளையின் கையில் வைத்தார். அத்தான் வேண்டாம் என்றார். அக்கா, “வைங்க, அவரு மனசோட குடுக்கிறாரு” என்று வாங்கிக்கொண்டாள்.

விமான நிலையத்துக்கு வேன் விடியற்காலையில் புறப்பட்டது. அத்தான் முன்னால் டிரைவர் பக்கத்தில். பின்னால் அக்கா, அவள் மடியில் தூங்கும் மகள், நான். பெல்மதுளைச் சந்தியைத் தாண்டினோம். அக்கா பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

“ஒரு பங்கு எவ்வளவுடா வந்திச்சி, சரியா?”

“ஒரு லட்சத்து எம்பதாயிரம்.”

“பாதிக் கூரைக்கு மேலயே.” ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “அவரு வாங்கின இருவதக் கழி. புள்ள கைல குடுத்த பத்தக் கழி.”

கழித்துச் சொன்னேன். ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய், சரியாகப் பாதிக் கூரை.